சிவப்புக் கோடு விழுந்த ‘ஜெய்’

மொழிபெயர்ப்புக் கோப்புகளின் தரம் பார்ப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு கேப் டவுன் பெண்கள் சிலர் தென்னாப்பிரிக்க மொழிகளில் ஒன்றான ஆஃப்ரிகான்ஸில் கொடுத்த பேட்டிகள் எழுத்தாகி என்னிடம் வந்தன. சரிபார்த்தவர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாக்கியிருந்தார். ‘நீ’ என்பதற்குப் பாடப்புத்தக வழக்கில் ‘யெய்’. அந்தப் பெண்கள் ‘ஜெய்’ என்கிறார்கள். அத்தனையும் பிழையாம். நானும் யோசிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். கோப்பைத் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி: “இதில் எங்கள் ஆட்கள் பேசியது எங்கே?”

எங்கள் தொழிலில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. ஆஃப்ரிகான்ஸ் என்றால் வெள்ளைக்காரர் மொழி, அகராதியில் இருப்பதே சரி என்று எடுத்துக்கொள்கிறோம். 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்களில் வெள்ளையர் பாதிகூட இல்லை.

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் இறங்கியது. அவர்களுடைய பேச்சை அங்கிருந்த கொய்கொய் மக்களும், இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி வளைத்தார்கள். வினைச்சொல்லின் விகுதிகள் உதிர்ந்தன. வாழைப்பழம் மலாய்ச் சொல்லால் ‘பீசாங்’ ஆனது. கட்டிலுக்கு அங்கே ‘காட்டெல்’. நம் கட்டில்தான், போர்த்துக்கீசியர் கை மாறிப் போயிருக்கிறது.

மொழியியலாளர்கள் பழைய வழக்குகளை மூன்றாகப் பிரிப்பார்கள். கேப் டவுனைச் சுற்றி அடிமைகளின் வழிவந்தோர் பேசும் காப்ஸ்; ஆரஞ்சு ஆற்றையொட்டிக் கொய்கொய் வழியினரும் கிரிக்வா மக்களும் பேசியது; கிழக்கு எல்லையில் வெள்ளைப் பண்ணைக்காரர்கள் பேசியது. 1830களில் அந்தப் பண்ணைக்காரர்கள் மாட்டுவண்டி கட்டி வடக்கே போனபோது அவர்கள் பேச்சும் உள்நாட்டில் பரவியது. பிற்காலப் பொதுவழக்குக்கு அடித்தளம் அதுதான். 1875இல் பார்ல் ஊரில் ‘உண்மையான ஆஃப்ரிகானர் சங்கம்’ தொடங்கியது, அடுத்த ஆண்டே பத்திரிகை போட்டது. 1917இல் சொற்பட்டியலும் எழுத்துவிதிகளும் வந்தன, 1925இல் ஆட்சிமொழி ஆனது, 1933இல் முழு பைபிளும் வந்தது. சொல் போதாத இடத்தில் டச்சு அகராதியைத் திறந்துகொண்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு வெளியே நடந்த கதை. கேப் டவுன் முஸ்லிம்கள் தங்கள் மதரசாக்களில் இதே மொழியை அரபு எழுத்தில் எழுதிவந்தார்கள். அபூபக்கர் எஃபெந்தி என்ற அறிஞர் அவர்களுக்காக எழுதிய மார்க்க நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. டச்சு எழுத்துமுறையின் பழக்கம் குறுக்கே வராததால், அன்றைக்கு மக்கள் வாயில் சொல் எப்படி ஒலித்தது என்பதை அதன் உயிர்க்குறிகள் காட்டிக்கொடுக்கின்றன. ‘சமையலறை மொழி’ என்று மேல்தட்டினர் கேலி செய்த பேச்சு ஒரு மத நூலாக அச்சேறியிருக்கிறது!

சரி, வேலைக்கு வருவோம். இப்போதெல்லாம் ஆஃப்ரிகான்ஸ் கோப்பு வந்தால், பேசுகிறவர் எந்த ஊர், வாசிக்கப்போவது யார் என்று முதலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன். ஒப்பந்தமோ அரசுப் படிவமோ என்றால் பொதுவழக்குத்தான். பேட்டி, வாக்குமூலம், நோயாளி தன் வலியைச் சொல்வது, இவையெல்லாம் வாயில் வந்தபடியே இருக்க வேண்டும். சரிபார்ப்பவரும் அதே பகுதிக்காரராக இருந்தால் நல்லது. முதலில் சிவப்பாக்கியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் படித்ததைத்தான் அவர் செய்தார். அதற்கு ஒப்புதல் கொடுத்தது என் தவறு.

அப்புறம் அந்தக் கோப்பைக் கேப் டவுன்காரர் ஒருவரிடம் ஒலிப்பதிவோடு கொடுத்தோம். சிவப்புத் திருத்தங்களை எல்லாம் நீக்கிவிட்டு, மூன்று இடங்களில் புதிதாக அவர் திருத்தியிருந்தார். அங்கெல்லாம் அந்தப் பெண்கள் ‘ஜெய்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்; எழுதியவரே ‘யெய்’ ஆக்கிவிட்டிருந்தாராம்.