ஏற்காட்டு ஈரத்தில் எர்த் ஆகும் கரண்ட்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் திணறாமல் ஏறிவந்த பழைய அம்பாசிடர் அது. ஏற்காட்டில் ஓர் இரவு மூடுபனியில் நின்றால் போதும், காலையில் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. உடனே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. நான் முதலில், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத்தான் பார்க்கச் சொல்வேன்.

பேட்டரி தருவது 12 வோல்ட். இக்னிஷன் காயில் என்ற மின்சுருள் அதைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது. பொறி பாய வேண்டிய பிளக் முனையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றைத் தாண்டிப் பொறி பாய அவ்வளவு வேண்டியிருக்கிறது. அதைவிடச் சுலபமான வழி வெளியே கிடைத்தால் மின்சாரம் அங்கே இறங்கிவிடும். 'கரண்ட் எர்த் ஆகுது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

பழியை முழுவதும் ஈரத்தின் மேல் போடக் கூடாது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகக் குறைவு. பிளக் வயரிலும் காயில் தலையிலும் படிந்திருக்கும் சாலைத் தூசியும் அதிலுள்ள உப்பும் ஈரத்தில் கரையும்போதுதான் பாதை உருவாகிறது. மலையேறிய சூட்டில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூடியின் உட்புறம் வியர்க்கிறது. வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்தே இருக்கும், அதனால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குளிரில் ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால் செல்ஃப் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். பேட்டரி வோல்ட் 10 பக்கம் இறங்கும். காயிலுக்குப் போவது குறைந்து பொறியும் நோஞ்சானாகும். ஆகவே சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள், தயவுசெய்து. பேட்டரி இறங்கும், பெட்ரோலில் பிளக்கும் நனைந்துவிடும்.

சாவியை எடுத்துவிட்டு மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடிக்கு அடியில் சுழலும் ரோட்டார், வயர்கள், காயில் தலை எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். பெரும்பாலும் இவ்வளவிலேயே வண்டி பிடித்துவிடும். தண்ணீரை விரட்டும் ஸ்பிரேயும் உதவும். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான டபிள்யூடி-40 இந்த வேலைக்கென்றே வந்தது. ஆனால் அது தீப்பற்றும். மூடிக்குள் அடித்தால் ஆவி முழுக்கப் போகும்வரை காத்திருந்து, பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

துடைத்தும் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், மூடியின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் போன தடத்தில் பிளாஸ்டிக் கருகிக் கரியாகிவிட்டது என்று பொருள். கரி மின்சாரத்தைக் கடத்தும்; காய்ந்தாலும் கோடு அழியாது. மூடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வயரில் கசிவா என்று அறிய, இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையால் மட்டும் தொட வேண்டாம்.

இன்றைய கார்கள் பலவற்றில் பிளக்குக்கு ஒரு காயில் நேராக மேலேயே உட்கார்ந்திருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. அவற்றிலும் காயிலுக்கு அடியிலுள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால், மழைக்குப் பிறகோ வாட்டர் வாஷுக்குப் பிறகோ இன்ஜின் உதறும். அந்த உறையை மாற்றினால் சரியாகிவிடும்.