சாம்பாரில் கோதுமை இருக்கிறதா?

சுவீடனில் சிறிய உணவகங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் தொழில். நம்மவர்கள் நடத்தும் சமையலறைக்குள் போனால் முதலில் பெருங்காய டப்பாவை எடுத்துத் தரச் சொல்வேன். "எதுக்கு சார் அது?" என்று சிரித்துக்கொண்டேதான் தருவார்கள்.

டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும். கூட்டுப் பெருங்காயத்தூளில் பெருங்காயம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் கோந்தும் மாவும். பல நிறுவனங்கள் போடுவது கோதுமை மாவு அல்லது மைதா. சில அரிசி மாவு போடுகின்றன. மதிய பஃபேயில் ஒருவர் வந்து சாம்பாரில் குளூட்டன், அதாவது கோதுமையில் உள்ள புரதம், உண்டா என்று கேட்கிறார். பரிமாறும் பையன், "பருப்பும் காய்கறியும்தான், தாராளமா சாப்பிடுங்க" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தாளிப்பில் போட்ட ஒரு சிட்டிகை அவன் கணக்கில் வரவே இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி சுவீடனில் தினமும் வரும். 1984 முதல் 1996 வரை பிறந்த சுவீடன் குழந்தைகளிடம், குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெருகியது. மருத்துவ உலகில் அதைக் கொள்ளைநோய் என்றே குறிப்பிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள்தான் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் அலுவலகக்காரர்கள். உங்கள் மதிய வாடிக்கையாளர்களும் அவர்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறது. 2014 டிசம்பர் 13 முதல், பொட்டலம் கட்டாமல் பரிமாறும் உணவுக்கும் அந்தத் தகவலைத் தந்தாக வேண்டும். சுவீடனில் வாயால் சொன்னாலும் போதும். ஆனால் 'ஒவ்வாமை பற்றி எங்களிடம் கேளுங்கள்' என்ற அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கேட்டால் சரியான பதிலும் வர வேண்டும். நகராட்சி ஆய்வாளர் பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார். முதலாளியை விட்டுவிட்டுப் பரிமாறுபவரிடமே கேட்டாலும் கேட்பார். 'எங்கள் உணவில் எதுவும் இருக்கலாம்' என்று பொத்தாம்பொதுவாகப் பலகை மாட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது பதிலாகாது.

பட்டியலில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. கடுகு சுவீடன்காரர்களுக்குப் புதிதல்ல. வியாழக்கிழமை பட்டாணி சூப்போடு அரைத்த கடுகு வைத்துச் சாப்பிடும் ஊர் இது. அங்கே அது தட்டின் ஓரத்தில் தெரியும்படி இருக்கிறது. நம் பொரியலிலும் சட்னியிலும் ரசத்திலும் தாளித்துக் கலந்துவிடுகிறோம். இட்லிப் பொடியில் எள், குருமாவில் முந்திரி. தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அடுத்தது எண்ணெய்ச் சட்டி. கடலை மாவு பஜ்ஜியில் குளூட்டன் இல்லை என்று எழுதியிருப்பார்கள். அதே எண்ணெயில் காலையில் சமோசா பொரிந்திருக்கும். 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சமோசா எண்ணெயை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைத் தொடாதீர்கள். தனிச் சட்டி வாங்க இடமில்லையா? சரி, மெனுவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது பால் விஷயம். சுவீடன் கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பால், கிரீம், தயிர் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் கிரீமைக் குருமாவில் ஊற்றிவிட்டு 'பால் இல்லை' என்று எழுதுகிறார்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை; அது செரிக்காதவருக்கு வயிறு உப்பும், வலிக்கும். பால் ஒவ்வாமை வருவது பால் புரதத்தால். லாக்டோஸை நீக்கினாலும் புரதம் அப்படியேதான் இருக்கும். ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்கு மூச்சே அடைக்கலாம். நெய்யிலும் புரதம் கொஞ்சம் தங்கும், ஆகவே நெய் சேர்த்ததைப் பால் சேர்த்ததாகவே எழுதுங்கள்.

நான் செய்யச் சொல்வது எளிய வேலை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு தாள்; அதில் தாளிப்பையும் கடையில் வாங்கிய பொடிகளையும் சேர்த்து எழுத வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டும், சமையல்காரரின் தலைக்குள் இருந்தால் போதாது. புதுச் சரக்கு வரும்போதெல்லாம் டப்பாவின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு பெருங்காயம் கிடைக்கவில்லை என்று மொத்த வியாபாரி வேறொன்றை அனுப்புவார். அரிசி மாவு இருந்த இடத்தில் மைதா வந்து உட்கார்ந்திருக்கும்.