குழிக்குள் இறங்க வேண்டியது இயந்திரம்தான்

பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். 100 பி.பி.எம். அளவை (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது. 500-ஐத் தாண்டினால் ஆள் மயங்கிச் சரிவார். 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போய்விடும்.

மேலிருந்து வாயுமானியை (வாயுவின் அளவைக் காட்டும் கருவியை) இறக்கிப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. கசடைக் கிளறும்போதுதான் அதற்குள் அடைபட்ட வாயு குபீரென்று வெளியேறும். முகத்தில் கட்டும் துணி இதற்கு எந்தப் பயனும் தராது. வடிகட்டி முகமூடி ஆக்சிஜனைத் தராது. விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் இறப்பது இதனால்தான்.

திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய பேண்டிகூட் ரோபோ 2018-இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டில் கும்பகோணம், கோவை போன்ற ஊர்களுக்கும் வந்திருக்கிறது. மேலே நிற்கும் சட்டகத்தில் திரையும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இருக்கும். குழிக்குள் இறங்கும் பகுதி கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். அதன் கை மண், கல், துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அள்ளி வாளியில் போட்டு மேலே அனுப்பும். இயக்குபவர் இருட்டிலும் தெரியும் கேமராவைப் பார்த்தபடி தரையிலேயே நிற்கலாம். இதுவரை குழிக்குள் இறங்கியவர்களுக்கே இதை இயக்கும் பயிற்சியைக் கொடுப்பதுதான் நியாயம். அடைப்பு எங்கே, எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ரோபோ சுத்தம் செய்வது குழியைத்தான். இரண்டு குழிகளுக்கு இடையே குழாயில் அடைப்பு என்றால், அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டிங் லாரி வேண்டும். வாகனம் நுழையாத சந்து, துருப்பிடித்துத் திறக்க முடியாத மூடி, அளவு குறைந்த வாய், உதிரும் பழைய செங்கல் சுவர், எண்ணெய்க் கசடு படிந்து மங்கும் கேமரா... வேலை பெரும்பாலும் இப்படித்தான் தடைபடும். உதிரிப் பாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒப்பந்தம் போடாமல் வாங்கிய இயந்திரம் விரைவில் கிடங்குக்குப் போய்விடும். அங்கேதான் பழைய வழக்கம் திரும்பும்: "மெஷின் ரிப்பேர், ஒரு அஞ்சு நிமிஷம் இறங்கிட்டு வந்துடு."

செப்டிக் டேங்க் வேறு விதம். பல ஆண்டுகள் அள்ளாமல் விட்டால் அடியில் கசடு இறுகி, உறிஞ்சும் லாரியின் குழாய்க்கு வராது. அப்போதுதான் ஆளை இறக்குகிறார்கள். சென்னை ஐஐடி உருவாக்கிய ஹோமோசெப் இதற்கானது. மடக்கிய குடைபோல் சின்ன வாய் வழியே நுழைந்து, உள்ளே இறக்கைகளை விரித்துச் சுழற்றி, இறுகிய கசடைக் குழம்பாக்கும். பிறகு அதை உறிஞ்சி எடுக்கலாம். வீட்டு உரிமையாளர் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட்டால் இந்த நிலையே வராது. கசடை எடுக்க அழைக்க வேண்டிய எண் 14420.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே நகராட்சியோ அடுக்குமாடிச் சங்கமோ போடும் வேலை ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: இயந்திரம் நின்றால் வேலையும் நிற்கும், மாற்று இயந்திரம் வரும்வரை குழியைச் சுற்றித் தடுப்பு வைத்து, கழிவுநீரைப் பம்பு போட்டு அடுத்த குழிக்குத் திருப்ப வேண்டும், எந்தச் சூழலிலும் ஆள் இறங்கக் கூடாது.