விதை போட்ட ரம்புட்டான் ஏன் காய்ப்பதில்லை?

குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ரப்பருக்கு மாற்றாக ரம்புட்டான் நடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் பூவைப் பற்றி. தின்று போட்ட விதை காயாமல் இருந்தால் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஆனால் விதைக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகும். ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு, கொத்துக் கொத்தாகப் பூத்து, அத்தனையும் கொட்டிப்போகும்.

காய்க்கிற மரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இதழே இல்லாத, பச்சை கலந்த வெள்ளைப் பூ. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில், மகரந்தத்தை வாங்கும் சூல்முடி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும். சுற்றிலும் மகரந்தத் தாள்கள் குட்டையாக நிற்கும். அவற்றின் பைகள் வெடித்து மகரந்தம் சிந்துவதே இல்லை. பார்வைக்கு இருபால் பூ, வேலைக்குப் பெண் பூ. மகரந்தம் தருகிற பூ நூற்றுக்கு ஒன்றுகூட இராது. அந்தச் சொற்பத்தைக் கொத்துக்குக் கொத்து கொண்டு சேர்ப்பது தேனீயும் சிறுதேனீயும்தான். தோட்டத்தில் தேன்பெட்டி வையுங்கள். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். மகரந்தம் போதாத இடங்களில் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியைச் சில கொத்துகளில் மட்டும் தெளித்து, அங்கே ஆண் பூ வரவைக்கும் வழக்கம் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது.

ஆகவே என்18 போன்ற அறிந்த ரகத்தின் மொட்டு ஒட்டுக்கன்றையே வாங்க வேண்டும். மூன்றடிக் குழி, மரத்துக்கு மரம் 30 முதல் 40 அடி. முதல் இரண்டு வருடம் நிழல் கட்டாயம்; இடையில் வாழை போட்டால் அதுவே போதும். ஒட்டுக்குக் கீழே, விதைக்கன்றான அடிமரத்தில் வருகிற தளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டால் அது மேலே ஏறி ஒட்டை அமுக்கிவிடும். கடைசியில் கையில் மிஞ்சுவது பழைய விதைக்கன்றுதான், அது ஆணாகவும் இருக்கலாம்.

பூ வர வறட்சி வேண்டும். மழை ஓய்ந்த பிறகு ஒரு மாதம் போல் மண் காயட்டும். அந்த நேரத்தில் பாசம் மிகுந்து தண்ணீர் விட்டால் பூவுக்குப் பதில் தளிர் வரும். கொத்து வெளியே வந்ததும் பாசனத்தைத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டுப் பாய்ச்சாமல் சீராகப் பாய்ச்ச வேண்டும். காயில் தோல் முதலில் வளர்கிறது; சதை பிறகுதான் நிறைகிறது. தோல் வளரும் காலத்தில் காயவிட்டால் அது இறுகிப்போகும். அப்புறம் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும்போது சதை சட்டென்று பருத்து, தோல் வெடித்துவிடும். மரத்தடியில் கனமாகச் சருகு போட்டு மூடினால் ஈரம் ஒரே நிலையில் நிற்கும்.

பழம் நிறமேறும் முன்பே மரத்துக்கு வலை போடுங்கள். பழந்தின்னி வௌவால் விளைச்சலைத் தின்பதோடு நிற்பதில்லை; அது நிபா கிருமியைச் சுமப்பது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா பரவியது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கடிபட்ட பழத்தைக் கழுவியும் தின்னக்கூடாது.

ரம்புட்டான் பறித்த பிறகு பழுக்காது. மா மாதிரி வைக்கோலில் வைத்து ஏமாற்ற முடியாது. இன்று புளித்தால் நாளையும் புளிக்கும். தோல் முழுக்க நிறமேறி, தோல்மேல் உள்ள மயிரின் நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை இருக்கும்போது கொத்தோடு, ஒரு சாண் கிளை சேர்த்து வெட்டுங்கள். அந்த வெட்டே கவாத்து. அங்கே வருகிற புதுத் தளிரின் நுனியில்தான் அடுத்த பூ.

மலாய் மொழியில் ரம்புட் என்றால் மயிர். பழத்தின் ஈரம் போகிற வழியும் அதுதான்: மயிரில் உள்ள நுண்துளைகள் தோலில் இருப்பதைவிடப் பல மடங்கு நெருக்கமானவை. வெயிலில் கூடையோடு வைத்தால் நுனி முதலில் கறுக்கும், இரண்டு மூன்று நாளில் பழம் முழுதும் பழுப்பாகும். உள்ளே சதை நன்றாக இருந்தாலும் சந்தையில் விலை விழும். அதனால் விடியலில் வெட்டி, நிழலில் வைத்து, துளையிட்ட பாலிதீன் பையில் போட்டு மூடுங்கள். 10 முதல் 12 டிகிரி குளிரில் இரண்டு வாரம் தாங்கும். அதற்கும் கீழே போனால் குளிரே தோலைக் கறுக்க வைத்துவிடும்.