வாட்டை விட உயரம் முக்கியம்: சிறு படகுக்கு விஎச்எப் ரேடியோ

கடலில் இரண்டு சிறு படகுகள். இரண்டிலும் ஆட்கள் உட்கார்ந்தபடியே கைரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள். ரேடியோ நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகுகளுக்கு இடையே 8 கிலோமீட்டர் ஆனதும் பேச்சு இரைச்சலில் கரைந்துபோகும். பேட்டரி தீரவில்லை, ரேடியோவும் பழுதாகவில்லை. நடுவில் பூமி வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கடல் விஎச்எப் ரேடியோ 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் வேலை செய்கிறது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். சிற்றலை வானொலி போல வானத்தில் பட்டுத் திரும்பி வந்து ஊர் ஊராகக் கேட்கும் வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. காற்றுமண்டலம் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பதால் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைச் சற்றுத் தாண்டும். கணக்கு எளிது: ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த ஆண்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். 1 மீட்டருக்கு 4.1 கி.மீ., 4 மீட்டருக்கு 8.2, 16 மீட்டர் பாய்மரத்தின் உச்சிக்கு 16.5. கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் அதன் பங்கு மட்டும் 41 கி.மீ. உட்கார்ந்து பேசும் கைரேடியோ பக்கத்துப் படகை எட்டாமல் தூரத்துக் கரை நிலையத்தை எட்டிவிடுவது இதனால்தான்.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்றுதான். நிலையாகப் பொருத்தும் ரேடியோக்கள் ஏறக்குறைய எல்லாமே 25 வாட். துறைமுகத்துக்குள் பக்கத்தில் பேசுவதற்கு 1 வாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம். கைரேடியோக்கள் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட். கைரேடியோவிலிருந்து 25 வாட்டுக்குப் போனால் தூரம் நாலு மடங்காகும் என்று நினைப்பது தவறு. அடிவானத்துக்கு அப்பால் வாட் அதிகம் உதவாது. அடிவானத்துக்குள்தான் உதவும்: அலை உயர்ந்து ஆண்டெனா ஆடும்போது, மழையில், எதிர்முனையின் கேபிள் துருப்பிடித்துக் கிடக்கும்போது. இது பண்பலை (எப்எம்) என்பதால் சிக்னல் ஒரு வரம்புக்கு மேல் இருக்கும்வரை பேச்சு தெளிவாக இருக்கும். வரம்பைத் தொட்டதும் சட்டென்று இரைச்சலில் மூழ்கும். அந்த வரம்பின் விளிம்பில் நிற்கும்போது 6 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்காக்கும். இரண்டு ரேடியோக்களும் ஒரே சேனலில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை அமுக்கிவிடுவதும் பண்பலையின் குணம்.

கைரேடியோவின் பலவீனம் வாட்டில் மட்டும் இல்லை. 156.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர். அதன் காற்பங்கே 48 சென்டிமீட்டர் வரும். கைரேடியோவில் உள்ள ரப்பர் குச்சி அதிலும் பாதிக்கும் குறைவு; சுருளாகச் சுற்றி ஏமாற்றி வேலை வாங்குகிறார்கள். போதாததற்கு, பிடித்திருக்கும் ஆளின் உடம்பு ஒரு பக்கத்தை மறைக்கிறது. எனவே முடிவு இப்படி: படகில் 12 வோல்ட் பேட்டரி இருந்தால் நிலை ரேடியோவை முதலில் வாங்குங்கள், கைரேடியோவை அதற்குத் துணையாக வையுங்கள். பேட்டரி தண்ணீரில் மூழ்கினாலோ, படகையே விட்டுக் குதிக்க நேர்ந்தாலோ பேசக்கூடியது இடுப்பில் இருக்கும் கைரேடியோ மட்டும்தான். துடுப்புப் படகும் கயாக்கும் வைத்திருப்பவர்களுக்குக் கைரேடியோ ஒன்றே வழி. மிதக்கக்கூடியதாக, ஐபிஎக்ஸ்7 அல்லது அதற்கு மேற்பட்டதாகப் பார்த்து எடுங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மிதக்குமா என்பது வேறு கேள்வி, இந்த எண்ணில் அதற்குப் பதில் இல்லை.

நிலை ரேடியோவுக்கு ஒதுக்கிய பணத்தில் கணிசமான பங்கை ஆண்டெனாவுக்குக் கொடுங்கள். ஆண்டெனாக்களை 3, 6, 9 டெசிபெல் (சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதன் அளவு) என்று விற்கிறார்கள். எண் பெரிதானால் நல்லது என்று தோன்றும், ஆனால் ஆண்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. மேலேயும் கீழேயும் வீணாகும் சக்தியைப் பிழிந்து பக்கவாட்டில் அனுப்புகிறது. உருண்டையான மாவைத் தட்டையாக்குவது போல. சுமார் 1 மீட்டர் நீளமுள்ள 3 டெசிபெல் ஆண்டெனாவின் வீச்சு தடிமனாக இருக்கும், 2.4 மீட்டர் நீளமுள்ள 6 டெசிபெல் ஆண்டெனாவின் வீச்சு மெலிந்திருக்கும். 9 டெசிபெலில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். படகு 20 டிகிரி சாய்ந்து ஆடினால் அந்த அப்பளத்தின் ஒரு விளிம்பு தண்ணீரையும் மறு விளிம்பு வானத்தையும் பார்க்கும். எதிர்முனையில் உங்கள் குரல் வந்து வந்து போகும். அதனால் பாய்மரப் படகின் உச்சிக்கு 3 டெசிபெல், சிறு மோட்டார் படகுக்கு 3 அல்லது 6. 9 டெசிபெல் ஆண்டெனா பெரிய, அதிகம் ஆடாத கப்பலுக்கு உரியது.

அடுத்தது கேபிள். இங்கேதான் நிறையப் பேர் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாட்டைத் தொலைக்கிறார்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் தின்னும். 10 மீட்டர் ஓடினால் 2 டெசிபெல். ரேடியோவிலிருந்து 25 வாட் கிளம்பி ஆண்டெனாவுக்கு 16 வாட் போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் அதே 10 மீட்டரில் 20 வாட் சேரும். வரும் சிக்னலுக்கும் இதே வரி உண்டு. 3 மீட்டர் கேபிளுக்கு இந்தக் கவலை வேண்டாம். பாய்மர உச்சிவரை 20 மீட்டர் போகிறதென்றால் தடித்த கேபிளைத் தவிர வேறு யோசனையே கூடாது.

கேபிளின் முனையில் வரும் பிஎல்-259 கனெக்டரை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். நடுவில் ஒரு குழல் ஊசி, சுற்றிலும் மரை உள்ள உறை. நடு ஒயரை ஊசிக்குள் விட்டு நுனியில் ஈயம் வைக்க வேண்டும்; நடு ஒயரைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியை உறையின் உடலோடு, பக்கத்தில் இருக்கும் சிறு துளைகள் வழியாக ஈயம் வைத்துப் பிடிக்க வேண்டும். தவறு நடப்பது இரண்டாவதில். உடல் கனமான உலோகம், சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சிறிய ஈயப்பற்றுக் கோலை வைத்து நேரம் இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, நடு ஒயர் நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும். பின்னலின் ஒற்றை இழை ஊசிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஷார்ட்தான். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், ஆனால் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு. பல கடல் ஆண்டெனாக்களின் அடியில் உள்ள சுருள், மீட்டருக்கு ஷார்ட் போலத்தான் தெரியும், அது குறையல்ல. ஆண்டெனா இல்லாமல் கேபிளை மட்டும் சோதித்தால் நடு ஒயருக்கும் பின்னலுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது.

வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண மின் டேப் ஒரு கோடையைத் தாண்டாது. உப்பு நீர் உள்ளே நுழைந்தால் பின்னல் கம்பி திரியைப் போல அதை உறிஞ்சிக்கொண்டே போகும். உறையைக் கீறிப் பார்த்தால் செம்புக்குப் பதிலாகக் கறுப்பாகத் தெரியும். அந்தக் கேபிளில் முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுவது வீண். செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டுங்கள், அல்லது மொத்தமாக மாற்றுங்கள்.

இனி மின்சாரம். 'கேட்கிறது, ஆனால் பேசினால் ரேடியோ அணைந்து அணைந்து எரிகிறது' என்ற புகாருக்கு முக்கால்வாசி நேரம் காரணம் ஒயர்தான். கேட்கும்போது ரேடியோ அரை ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும். 25 வாட்டில் பேசும் பொத்தானை அழுத்தியதும் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் போக வர 10 மீட்டர் ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 6 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.26 வோல்ட்தான் போகும். பியூஸ் பிடியிலும் சுவிட்சிலும் இருக்கும் உப்புப் பூச்சு இன்னும் அரை வோல்ட்டைத் தின்றால், பாதி தீர்ந்த பேட்டரியோடு ரேடியோ 11 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சோதிப்பது சுலபம்: மல்டிமீட்டரை ரேடியோவின் பின்பக்க ஒயரில் வைத்துக்கொண்டு, காலியான சேனலில் 25 வாட்டில் இரண்டு நொடி அழுத்துங்கள். அதே சோதனையைப் பேட்டரி முனையிலும் செய்யுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரையும் இணைப்புகளையும் கவனியுங்கள். பியூஸ் ரேடியோவின் கையேடு சொல்லும் அளவில், பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும்.

ரேடியோப் பெட்டிக்குள் பார்த்து வாங்க வேண்டியது முக்கியமாக ஒன்றே: டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் அழைப்பு வசதி. மூடிக்கு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், சேனல் 70இல், அதாவது 156.525 மெகாஹெர்ட்ஸில், படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் நேரமும் ஒரு சிறு தரவுத் துணுக்காகப் போகும். கேட்கும் தூரத்தில் உள்ள டிஎஸ்சி ரேடியோக்கள் எல்லாம் அலறும். யாராவது ஏற்றுக்கொள்ளும்வரை ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒருமுறை அது தானே திரும்பப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் அதற்குள் அபாய அழைப்புக்கான பொதுச் சேனல் 16க்குப் போய் வாயால் பேசலாம். கைபேசி ஒரு ஆளைத்தான் கூப்பிடும், அதுவும் கோபுரம் எட்டினால். இது சுற்றுவட்டாரத்தையே கூப்பிடும். சிறு படகுக்கான ரேடியோவில் 'டி வகுப்பு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதில் சேனல் 70ஐக் கேட்பதற்கென்றே தனியாக இரண்டாவது ரிசீவர் இருக்கும். நீங்கள் வேறு சேனலில் இருந்தாலும் பிறரின் அபாய அழைப்பு தப்பாது.

ஆனால் எம்எம்எஸ்ஐ எனப்படும் 9 இலக்க அடையாள எண்ணை உள்ளிடாதவரை சிவப்புப் பொத்தான் வெறும் பொத்தான்தான். அந்த எண்ணை உங்கள் நாட்டின் ரேடியோ உரிம அமைப்பிடம் வாங்க வேண்டும். பல நாடுகளில் படகுக்கு உரிமமும் பேசுகிறவருக்குச் சான்றிதழும் தேவை. எண்ணை நிதானமாக உள்ளிடுங்கள். பெரும்பாலான ரேடியோக்கள் ஒன்றிரண்டு வாய்ப்புக்கு மேல் தராது. அப்புறம் விற்பனையாளரிடம்தான் கொண்டுபோக வேண்டும். பழைய ரேடியோ வாங்குகிறீர்கள் என்றால் இதை முதலில் பாருங்கள்: முந்தைய உரிமையாளரின் எண் உள்ளே இருந்தால், நீங்கள் மூழ்கும்போது மீட்புப் படையினர் அவருடைய வீட்டுக்குத்தான் போன் செய்வார்கள்.

இடத்தைச் சொல்ல ஜிபிஎஸ் வேண்டும். உள்ளேயே ஜிபிஎஸ் உள்ள ரேடியோவுக்குச் சற்று அதிகம் கொடுக்கலாம், தாராளமாக. இல்லாவிட்டால் படகின் வரைபடக் கருவியிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும்; நிறுவனத்துக்கு நிறுவனம் ஒயரின் நிறம் மாறும், கருவியின் 'அனுப்பு' ஒயர் ரேடியோவின் 'வாங்கு' ஒயரோடு சேர வேண்டும். திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை முடிந்தது.

கப்பல்கள் தாங்கள் யார், எங்கே இருக்கிறோம் என்று தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலை வாங்கும் ரிசீவரும் சேர்ந்த ரேடியோ பெரிய கப்பல்கள் நடுவே போகிறவர்களுக்கு உதவும். அது கப்பல்களை உங்களுக்குக் காட்டும், உங்களைக் கப்பல்களுக்குக் காட்டாது. சேனல் தொகுப்பையும் கவனியுங்கள். சர்வதேசத் தொகுப்பில் சில சேனல்களில் கரை நிலையம் பேசும் அலைவரிசை 4.6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். அமெரிக்கத் தொகுப்பில் அதே எண்ணுள்ள சில சேனல்கள் ஒரே அலைவரிசையில் ஓடும். தொகுப்பு மாறிக் கிடந்தால் சேனல் 16 சரியாக வேலை செய்யும், வேறு சேனலுக்கு மாறச் சொன்னதும் நிசப்தம்.

பொருத்தும்போது ஸ்பீக்கரின் காந்தம் திசைகாட்டியை இழுக்காத தூரத்தில் வையுங்கள். எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். எல்இடி விளக்குகளையும் சந்தேகப்படுங்கள். அவற்றின் உள்ளே மின்னழுத்தத்தை மாற்றும் சிறு சுற்று நல்ல இரைச்சலைக் கிளப்பக்கூடியது. சந்தடி இல்லாத சேனலுக்குப் போய், இரைச்சல் அடங்கும் இடத்தைக் கொஞ்சமே தாண்டி ஸ்குவெல்ச் குமிழை நிறுத்துங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்கைப் போட்டதும் ஸ்பீக்கர் இரைகிறதோ அது குற்றவாளி. மோசமான விளக்கு இரைச்சலே காட்டாமல் தூரத்துச் சிக்னலை விழுங்கவும் செய்யும், அதனால் பலவீனமாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டும் இதே சோதனையைச் செய்யுங்கள். விளக்கை மாற்றுங்கள், அல்லது ஆண்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடைசியில், அனுப்பும் சக்தி எந்த அளவுக்கு ஆண்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒன்றை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவே செருகிப் பாருங்கள். இந்த அலைவரிசைக்கு ஏற்ற மீட்டராக இருக்க வேண்டும். 1.5க்குள் இருந்தால் நிம்மதி, 2ஐத் தாண்டினால் கனெக்டர்தான் முதல் சந்தேகம். குரல் சோதனையைச் சேனல் 16இல் செய்யாமல் வேறு சேனலில், மைக்கைச் சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். டிஎஸ்சியைச் சோதிக்கச் சிவப்புப் பொத்தானைத் தொடாதீர்கள், அதற்கென்று மெனுவில் சோதனை அழைப்பு இருக்கிறது. தவறி அழுத்திவிட்டால் ரேடியோவை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். அழைப்பை ரத்து செய்துவிட்டு, சேனல் 16இல் படகின் பெயரையும் எம்எம்எஸ்ஐ எண்ணையும் சொல்லி, அது தவறான அழைப்பு என்று அறிவியுங்கள்.