உட்பிரிவு: எந்த உட்பிரிவு?

மாதவரம் பக்கம் என் சித்தி 2014-இல் அரை கிரவுண்டு வாங்கினார். கிரயம் ஆனது, பட்டாவும் ஆனது. பட்டாவில் அவருக்கென்றே தனி எண் விழுந்திருந்தது. "உட்பிரிவு ஆயிடுச்சுக்கா, இனிமே ஒரு கவலையும் இல்ல" என்று பத்திரம் எழுதியவர் சொன்னார். மூன்று வருஷம் கழித்து வீடு கட்ட பிளானை எடுத்துக்கொண்டு போனபோது, கவுன்ட்டரில் கேட்ட முதல் கேள்வியே "உட்பிரிவு அப்ரூவல் எங்கம்மா?" என்பதுதான். சித்தி பட்டாவை எடுத்து நீட்டினார்.

"இது இல்லம்மா. அந்த உட்பிரிவு."

எந்த உட்பிரிவு என்று அன்றைக்கு யாரும் அவருக்கு விளக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொல். உள் என்பதும் பிரிவு என்பதும் சேரும்போது ளகரம் டகரமாகத் திரிந்து உட்பிரிவு ஆகிறது. திருக்குறளின் 89-ஆம் அதிகாரத் தலைப்பான 'உட்பகை'யும் இதே புணர்ச்சிதான். சப்-டிவிஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக இதை வைத்தார்கள். 'சப்' என்ற முன்னொட்டுக்குத் தமிழில் ஒரே நிகரன் கிடையாது. சப்-ரிஜிஸ்ட்ரார் சார்பதிவாளர் ஆனார், சப்-இன்ஸ்பெக்டர் உதவி ஆய்வாளர் ஆனார். நிலத்துக்கு 'உள்' வந்தது. ஆங்கிலச் சொல்லின் வேரில் 'கீழே' என்ற பொருள் இருக்கிறது; தமிழ்ச் சொல்லோ 'உள்ளே' என்கிறது. எனக்குத் தமிழ்தான் பொருத்தமாகப் படுகிறது. பிரித்த துண்டு பெரிய நிலத்துக்குக் கீழே போவதில்லை, அதற்குள்ளேயே கிடக்கிறது. முந்தைய ஆவணத்தை நாம் தாய்ப் பத்திரம் என்று சொல்வதும் இதே மனப்போக்கில்தான்.

சொல்லில் குறை இல்லை. அந்த ஒரே சொல்லை இரண்டு துறைகள் இரண்டு வேலைக்கு வைத்திருக்கின்றன, சிக்கல் அங்கேதான்.

வருவாய்த் துறையில் உட்பிரிவு என்பது கணக்கு சம்பந்தப்பட்டது. ஒரு புல எண், அதாவது சர்வே நம்பர், 125 என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள், அது 125/1, 125/2 ஆகிறது. இரண்டாவது துண்டு மறுபடி பிரிந்தால் 125/2ஏ, 125/2பி. அதிலும் ஒன்று பிரிந்தால் 125/2ஏ1, 125/2ஏ2. எண், எழுத்து, எண், எழுத்து என்று மாறி மாறி நீளும். மாதவரம், புழல், மணலி பக்கத்துப் பழைய பட்டா ஒன்றை எடுத்து அந்த எண்ணை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்த நிலம் எத்தனை அடுக்காகப் பிரிந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பட்டா மாறுதலுக்கு மனுப் போடும்போதே 'உட்பிரிவு உண்டா, இல்லையா' என்று கேட்பார்கள். முழு எண்ணும் அப்படியே கைமாறினால் உட்பிரிவு வேண்டாம். துண்டாக வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் ஒரு கோடு போட்டு, புது எண் கொடுப்பார். சங்கிலி பிடித்து அளந்த காலத்தின் அடையாளம் இன்றும் நம் வாயில் இருக்கிறது. சங்கிலியின் ஒரு கண்ணிதான் லிங்க்; ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், அதுதான் 435.6 சதுர அடி. தண்டையார்பேட்டை, ராயபுரம் போன்ற பழைய நகரப் பகுதிகளில் கிராமப் புல எண்ணுக்குப் பதில் டவுன் சர்வே எண்ணும் பிளாக் எண்ணும் இருக்கும். வேலை ஒன்றுதான்: யார் கையில் எவ்வளவு நிலம் என்று எழுதி வைப்பது. அந்தத் துண்டுக்குப் போக வழி இருக்கிறதா, அங்கே வீடு கட்டலாமா என்பதையெல்லாம் இந்த உட்பிரிவு பார்ப்பதே இல்லை.

அதைப் பார்ப்பது இன்னொரு உட்பிரிவு. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் பேசுவது இதைத்தான். ஒரு நிலத்தை எட்டு மனைகள் வரை பிரித்தால் அது உட்பிரிவு; எட்டைத் தாண்டினால் லேஅவுட். லேஅவுட்டுக்கு அரசு வைத்த சொல் மனைப்பிரிவு. நல்ல சொல், பார்த்தவுடன் விளங்குகிறது. மனைப்பிரிவு என்று வந்துவிட்டால் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விட வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்கிறார்களே, அது இதுதான். குழந்தைகள் ஓடி விளையாடும் அந்தத் திடல் ஒரு விதியால் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் அதில் யாராவது வேலி போடும்போது சும்மா இருக்க மாட்டார்கள்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் 'பி.பி.டி./எல்.ஓ.' என்று தொடங்கி ஆண்டோடு முடியும் எண் இருக்கும். இந்த எண்ணுக்குப் பட்டாவோ வில்லங்கச் சான்றோ ஈடாகாது. அவை வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

வட சென்னையில் இந்தக் குழப்பம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் சென்னைக்குள் வந்தன. அதற்கு முன்பே வயலும் தோப்பும் துண்டு துண்டாகக் கைமாறியிருந்தன. சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலைக்கும் கல் நட்டு, "பட்டா இடம் சார்" என்று சொல்லி விற்றார்கள். பட்டா இடம்தான், அது பொய்யில்லை. ஆனால் வாங்கியவர் காதில் அது 'வீடு கட்டத் தகுதியான இடம்' என்று விழுந்தது. பல பேருடைய வாழ்நாள் சேமிப்பு அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டது.

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20 முதல் அப்படிப்பட்ட மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. அந்த அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒப்புதல் வாங்க வழி கிடைத்தது. சித்தியின் நிலம் 2014-இல் பதிவானதால் தப்பித்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் கட்டித்தான் முடிந்தது. கம்மல் அடகுக்குப் போனது அப்போதுதான்.

மனை என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழந்தமிழில் மனை என்றால் ஆள் குடியிருக்கும் வீடு. 'மங்கலம் என்ப மனைமாட்சி' என்று வள்ளுவர் சொன்னது காலி நிலத்தை அல்ல. கன்னடத்தில் இன்றும் மனெ என்றால் வீடுதான். மனைவி என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். வீடு என்ற சொல்லுக்கோ அப்போது விடுதலை என்பது முதன்மைப் பொருள். அறம், பொருள், இன்பம், வீடு என்று எண்ணுகிறோமே, அந்த வீடு. பிறகு வீடு வந்து மனையின் இடத்தில் குடியேறியது, மனை அடிநிலத்துக்கு இறங்கியது. அறுபதுக்கு நாற்பது அடி ஒரு மனை, 24 மனை ஒரு காணி என்பது சென்னை வட்டாரத்துப் பழைய கணக்கு. அந்த 2,400 சதுர அடி மனையைத்தான் வெள்ளைக்காரர்கள் கிரவுண்டு என்றார்கள். நாமும் கிரவுண்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அரை மனை என்றால் யாருக்கும் விளங்காது, அரை கிரவுண்டு என்றால் விளங்கும்.

பிரிவது நிலத்தோடு நிற்பதில்லை. கட்டிய வீடும் பிரிகிறது. கீழே வீட்டுக்காரர், மாடியில் ஒரு போர்ஷன், பின்பக்கம் ஒரு போர்ஷன். பழைய வண்ணாரப்பேட்டையின் லைன் வீடுகளில் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி வரிசையாக ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். போர்ஷனுக்குத் தமிழ் தேடி 'பகுதி' என்று எழுதுகிறார்கள், அது ஒட்டவில்லை. குடித்தனம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. "மாடியில ஒரு குடித்தனம் இருக்காங்க" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். அதில் சுவர் மட்டுமல்லாமல் ஆளும் இருக்கிறார்கள். வாடகைக்கும் குடக்கூலி என்று ஒரு சொல் இருந்தது. குடியிருக்கக் கொடுக்கும் கூலி, குடிக்கூலி. பேச்சில் குடக்கூலி ஆனது. வாடகை என்ற சொல்லை வடமொழியின் பாடகத்திலிருந்து வந்ததாக அகராதி காட்டுகிறது. ஆனாலும் அது வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க நான் சொல்லமாட்டேன்.

வீட்டுக்குள் நடக்கும் இந்தப் பிரிவுக்கு 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முழு வீடானாலும் ஒரு போர்ஷனானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாச அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் இதை உரக்கச் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. குடியிருப்பவர் தன் போர்ஷனை இன்னொருவருக்கு விட்டால் அது உள்வாடகை. வீட்டுக்காரரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் கூடாது. பாருங்கள், இங்கேயும் அதே 'உள்'.

சரியான சொல் எது என்று கேட்டால், உட்பிரிவைத் தனியாக விடாதீர்கள் என்பேன். வருவாய்த் துறை செய்வது புல உட்பிரிவு. திட்ட ஒப்புதலோடு செய்வது மனை உட்பிரிவு. எட்டுக்கு மேல் போனால் மனைப்பிரிவு. புதுச் சொல் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். நிர்வாகத்தில் இதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். போலீஸ் சப்-டிவிஷனை உட்கோட்டம் என்கிறார்கள். அதை யாரும் நிலத்தோடு குழப்பிக்கொள்வதில்லை. பத்திரம் எழுதுபவர்களும் படிவம் அச்சிடுபவர்களும் நிலத்துக்கும் அதே அக்கறையைக் காட்டலாம்.

போன மாதம் சித்தி மாடிக் குடித்தனத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். சொத்து விவரத்தில் டைப் செய்தவர் மொட்டையாக 'உட்பிரிவு எண்' என்று மட்டும் அடித்திருந்தார். சித்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேனாவை வாங்கினார். அதை அடித்துவிட்டு, 'புல உட்பிரிவு எண்' என்று ஒரு வரி, 'வரன்முறை செய்யப்பட்ட மனை எண்' என்று அதற்குக் கீழே ஒரு வரி, 'மாடிப் போர்ஷன், தனி மீட்டர்' என்று இன்னொரு வரி எழுதினார். குடிவர இருந்த பெண் மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தாள். "இது இன்னாக்கா, ரெண்டு நம்பர்?" என்றாள். சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.