நோட்ட விளம்பரம்

அம்மாவின் முழங்கால் வலிக்குக் கட்டும் பட்டை ஒன்றைப் போன மாதம் இணையத்தில் தேடி வாங்கினேன். பட்டை வந்து, அம்மா அதைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறவும் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் விடுதலை இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும், மீன் குழம்புக்குக் குறிப்பு பார்த்தாலும் பக்கத்து ஓரத்தில் முழங்கால் பட்டை. என் போனை வாங்கிப் பார்த்த சித்தப்பா, "உனக்கு எப்ப இருந்துடா மூட்டு வலி?" என்று கேட்டார்.

இந்த வகை விளம்பரத்துக்கு ஆங்கிலத்தில் 'பிஹேவியரல் அட்வர்டைசிங்' என்று பெயர். தமிழில் 'நடத்தைசார் விளம்பரம்' என்று பெயர்த்து எழுதுகிறார்கள். அகராதியை வைத்துப் பார்த்தால் பிழை இல்லை. ஆனால் காதில் விழும்போது இடிக்கிறது. நடத்தை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம் தரும் நன்னடத்தைச் சான்றிதழ். அடுத்தது தேர்தல் நடத்தை விதிகள். ஒருவருக்கு 'நடத்தை சரியில்லை' என்றால் அது வசைச் சொல். தமிழில் இந்தச் சொல் நல்லது கெட்டது என்ற தீர்ப்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது. நடத்தைசார் விளம்பரம் என்று முதன்முதலாகக் கேட்பவர், பேருந்தில் எச்சில் துப்பாதீர் என்பதுபோல ஏதோ அறிவுரை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆங்கிலச் சொல்லுக்கும் அந்த வாடை உண்டு. குழந்தையிடம் 'பிஹேவ்' என்றால் 'ஒழுங்கா இரு' என்றுதான் பொருள். ஒருவர் தன்னை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதே அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். அதை ஆய்வுக்கூடச் சொல்லாக மாற்றியதில் பெரும் பங்கு ஜான் பி. வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு உண்டு. மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று ஆளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், வெளியே தெரியும் செயலை மட்டும் கவனித்தால் போதும் என்று 1913இல் அவர் எழுதினார். அந்தக் கொள்கைக்கு நடத்தைவாதம் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், 1920இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்த வாட்சன், நியூயார்க்கில் ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து துணைத்தலைவர் பதவி வரை போனார். அவர் காலத்தில் குக்கியும் (தளங்கள் நம் உலாவியில், அதாவது பிரவுசரில், விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) இல்லை, கிளிக்கும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன முறைதான் இன்று என் போனில் நடக்கிறது: உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, என் விரல் எங்கே போகிறது என்று பார்த்தார்கள்.

அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2009 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. ஒருவர் இணையத்தில் செய்வதை, அதாவது தேடுவது, பக்கங்களைத் திறப்பது, படிப்பது ஆகியவற்றைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்து, அவருடைய விருப்பத்துக்கு ஏற்ப விளம்பரம் காட்டுவது என்பது அதன் சாரம். அடுத்த மாதமே கூகுள் இதேபோன்ற சேவையைத் தொடங்கியது. வைத்த பெயர், 'ஆர்வம்சார் விளம்பரம்'. இப்போது அதுவும் மாறி, 'தனிப்பயனாக்கப்பட்ட விளம்பரம்' என்றாகிவிட்டது. நமக்கென்றே டெய்லர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கிறது இந்தப் பெயர். இந்த டெய்லரை யாரும் கூப்பிடவில்லை, நாம் தெருவில் நடக்கும்போது அவராகவே அளவெடுத்துவிட்டார் என்பதைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இந்த முறையை எதிர்ப்பவர்கள் இதையே 'கண்காணிப்பு விளம்பரம்' என்கிறார்கள். கண்காணிப்பு பரவாயில்லை. ஆனால் அது கங்காணி, போலீஸ், கேமரா என்று அதிகாரத்தின் பக்கம் போய்விடுகிறது. இங்கே நடப்பது வியாபாரம்.

என் பரிந்துரை 'நோட்டம்'. பழைய நாளில் நாணயம் செல்லுமா செல்லாதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு நோட்டம் என்று பெயர், பார்ப்பவர் நோட்டக்காரர். கன்னடத்தில் நோட என்றால் இன்றும் பார்வைதான். நம் பேச்சிலும் சொல் சாகவில்லை: 'பூட்டியிருந்த வீட்டை இரண்டு நாள் நோட்டம் விட்டிருக்கிறார்கள்' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். பார்க்கப்படுபவருக்குத் தெரியாது, பார்ப்பவருக்கு அதில் ஆதாயம் உண்டு. இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. விளம்பரம் என்ற சொல்லில் எனக்குத் தகராறு இல்லை. விளம்புதல் என்றால் எடுத்துச் சொல்லுதல். குமரி மாவட்டத்தில் சோறு பரிமாறுவதையும் விளம்புவது என்பார்கள். நம் இலை பார்த்து விளம்புகிறார்கள், சரிதானே!

நோட்டம் புதிதல்ல என்று வாதிடலாம். ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவுடன் நம் கை எந்தப் புடவை மேல் இரண்டாம் முறை போகிறது என்று பார்த்து, அந்த ரகத்தில் பத்தை எடுத்துப் போடுவார் விற்பனையாளர். உண்மைதான். ஆனால் நாம் படியிறங்கினால் அந்த நோட்டம் முடிந்தது. அவர் நம் பின்னாலேயே மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் வருவதில்லை.

இணையத்தில் அவரை அப்படி நம் பின்னாலேயே வரவழைத்தது குக்கி. நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த லூ மொன்டூலி 1994இல் இதை உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போனால் தளத்துக்கு நம்மை மறந்துபோகும், வாங்கக் கூடையில் போட்டதும் காணாமல் போகும். அதைத் தீர்க்க, உலாவியில் ஒரு சின்னக் குறிப்பை விட்டுவைப்பதுதான் யோசனை. குக்கியைத் தமிழில் 'நினைவி' என்று சிலர் எழுதுகிறார்கள், இந்த வேலைக்கு நல்ல பெயர்தான். சிக்கல் வந்தது மூன்றாம் ஆள் வழியாக. நாம் திறந்த செய்திப் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனத்தின் நிரல் துண்டு ஒன்று இருந்தால், அந்த நிறுவனமும் தன் குறிப்பை நம்மிடம் விடலாம். ஆயிரம் தளங்களில் அதே நிறுவனத்தின் துண்டு இருந்தால், ஆயிரம் இடத்திலும் நம்மை அடையாளம் காணும். இதை 'நோட்டக் குக்கி' என்று பிரித்துச் சொல்லலாம்.

அப்புறம் ஏலம். பக்கம் திறந்து விளம்பரம் தெரிவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், நம்மைப் பற்றிய குறிப்பு பல நிறுவனங்களுக்குப் போய், யார் அதிக விலை கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம் கிடைக்கிறது. ஏலத்தில் தோற்றவர்களும் குறிப்பைப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் உறுத்தல்.

'உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, வெறும் எண்தான்' என்பார்கள். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பெயர் நீக்கி, எண் மட்டும் போட்டு வெளியிட்டது. சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணின் தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

இங்கே இன்னொரு சொல்லும் வந்து நிற்கிறது. 'பிரைவசி'க்கு முன்பு அந்தரங்கம் என்றோம், இப்போது தனியுரிமை. அந்தரங்கம் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். முழங்கால் வலியை நான் மறைக்கவில்லை, சித்தப்பாவிடம் நானே சொல்லியிருப்பேன். யாரிடம் எப்போது சொல்வது என்பது என் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தனியுரிமை சரியான சொல். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அடிப்படை உரிமை என்றது இதைத்தான்.

அதன் தொடர்ச்சியாக வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும், சில விலக்குகள் நீங்கலாக, அது தடுக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழும் அந்த அட்டவணையில் உண்டு. அந்த அறிவிப்பில் 'தனிப்பயனாக்கப்பட்ட அனுபவத்துக்காக' என்று இருந்தால் அம்மா 'சரி' என்பதை அழுத்திவிடுவார். 'நீங்கள் பார்ப்பதை நோட்டம் விட்டு விளம்பரம் காட்டுவதற்காக' என்று இருந்தால், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படிப்பார்.